பர்ராவுக்கு வடக்கே ஒரு நாள் நடை: தண்ணீர், வேலி, மொட்டை மேடுகள்

கேள்வி: அடிலெய்டில் வசிக்கிறேன். ஆகஸ்டில் பர்ரா ஊருக்கு வடக்கே, மவுண்ட் பிரையன் பக்கம், ஹைசன் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையில் ஒரே நாளில் 25 கிலோமீட்டர் நடக்க நானும் என் தோழியும் திட்டமிட்டிருக்கிறோம். எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வழி முழுக்க ஆட்டுப்பண்ணைகளாமே, உள்ளே போகலாமா? மொட்டை மேடுகளைத் தவிரப் பார்க்க ஏதாவது உண்டா?

பதில்: மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோடையில் தீ அபாயம் இருப்பதால் தனியார் நிலங்களின் வழியே போகும் பகுதிகளை மூடிவிடுவார்கள். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், அந்தத் தடை இல்லை.

முதலில் தண்ணீர். ஆளுக்கு 4 லிட்டர், வீட்டிலிருந்தே. குளிர்தானே என்று குறைக்காதீர்கள். மேட்டில் வீசும் வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும், தாகமும் தாமதமாகத்தான் தெரியும். வரைபடத்தில் நீலக்கோடாக இருக்கும் ஓடைகள் பெரும்பாலும் வெறும் கூழாங்கல். பண்ணைக் குட்டைகளில் ஆடுகள் இறங்கிக் குடிக்கும், அந்த நீர் நமக்கு ஆகாது. சில தங்குமிடங்களில் மழைநீர்த் தொட்டி உண்டு, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஏற்ற இறக்கத்தோடு 25 கிலோமீட்டர் என்றால் எட்டு மணி நேரமாவது ஆகும். மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கி கட்டாயம் வேண்டும். கணுக்காலுக்கு மேல் உறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புல்விதைகள் காலுறைக்குள் புகுந்து குத்திக்கொண்டே இருக்கும். எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது, திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலி பற்றிக் கேட்டீர்கள். சிவப்புக் குறியிட்ட பாதையில் தாராளமாகப் போகலாம், விலகக் கூடாது. கம்பியில் ஏறாதீர்கள், அதற்கென்றே மரப்படிகள் வைத்திருக்கிறார்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மறுபடி மூடுங்கள். குளிர்காலத்தில் குட்டி ஈன்ற ஆடுகள் இருக்கும். மிரண்டு ஓடினால் தாயும் குட்டியும் பிரிந்துவிடும், ஒதுங்கி மெதுவாக நடங்கள். நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

சரி, அந்த மொட்டை மேடுகள். இது ஙஜூரி என்ற பழங்குடி மக்களின் நிலம். 1845இல் பர்ராவில் செம்பு கிடைத்தது. 1877இல் சுரங்கம் மூடப்படுவதற்குள் சுற்றுவட்டார மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டுவிட்டன. அதற்காக எல்லா மேடும் மரம் வெட்டப்பட்டு மொட்டையானது என்று நினைத்துவிடாதீர்கள். இரும்புப்புல் என்ற, புல்லைப் போன்ற விறைப்பான குத்துச்செடி வளர்ந்திருந்தால், அது பழைய இயற்கைப் புல்வெளி. இன்று மிச்சமிருப்பது கொஞ்சம்தான், அழியும் நிலையில் இருக்கிறது. எனக்கு இந்தப் பாதையிலேயே மிகப் பிடித்தது அதுதான். குனிந்து பாருங்கள், மிதிக்காமல்.

அப்புறம், கூரையில்லாத கல்வீடுகள். நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் 1865இல், செடிகொடிகளையும் வறட்சியின் தடத்தையும் பார்த்து ஒரு கோடு வரைந்தார். அதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் வைக்க முடியாது என்றார். அந்தக் கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. உழுதால் மழை வரும் என்று நம்பிப் பலர் கோட்டைத் தாண்டி வடக்கே குடியேறினார்கள். அடுத்த பத்தாண்டில் மழை பொய்த்தது, நிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். துருவப் பயணி ஹியூபர்ட் வில்கின்ஸ் 1888இல் பிறந்தது மவுண்ட் பிரையன் ஈஸ்டில்தான். அவருடைய வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். மற்ற இடிந்த வீடுகளின் சுவர்கள் உறுதியானவை அல்ல, வெளியே நின்றே பாருங்கள். பல வீடுகளின் பக்கத்தில் தழை தொங்கும் மரம் ஒன்று நிற்கும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அதை நிழலுக்காகக் குடியேறிகள் நட்டார்கள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் மிளகு வாசம் வரும். மதியச் சாப்பாட்டுக்கு அந்த மரத்தடியில் உட்காருங்கள், வெட்டவெளியில் காற்று மறைவும் நிழலும் கிடைப்பது அங்கேதான்.