குதிகால் எழும்புகிறது, ஷூ வாங்கலாமா?

கேள்வி: ஜிம்முக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் (தோளில் எடையுடன் குந்தி எழுவது), ஒரு நாள் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது) செய்கிறேன். ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. காலையில் ஓடப் போகும் அதே ஷூவைத்தான் ஜிம்மிலும் போடுகிறேன். பளுதூக்கும் ஷூ வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் மாஸ்டர். விலையைப் பார்த்தால் சில ஆயிரத்தில் தொடங்கி பதினைந்தாயிரத்தைத் தாண்டிப் போகிறது. வீட்டில் பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இப்போதே வாங்கலாமா? (கல்லூரி மாணவர், வேலூர்)

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. முதலில் அந்த ஓடும் ஷூவை ஸ்குவாட் நேரத்தில் கழற்றி வையுங்கள்.

ஓடும்போது பாதத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்ளத்தான் அதன் அடியில் பஞ்சு மாதிரி ஃபோம் வைக்கிறார்கள். தோளில் பார் (எடை மாட்டும் இரும்புத் தண்டு) ஏறியதும் அந்த ஃபோம் ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் அமுங்கும். மெத்தை மேல் நின்று தண்ணீர்க்குடம் தூக்குவது போலத்தான். கால் ஆடும், முழங்கால் உள்ளே சாயும். இதற்கு மருந்து பல ஆயிரம் ரூபாயில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ நினைவிருக்கிறதா? தட்டையான, மெல்லிய ரப்பர் அடி. சில நூறு ரூபாய்தான். ஆரம்பத்தில் ஸ்குவாட்டுக்கு அது போதும். டெட்லிஃப்டுக்கு என்றைக்குமே அது போதும். டெட்லிஃப்டில் குதிகால் உயர்ந்தால் பாரைத் தூக்க வேண்டிய தூரம் கூடுமே தவிர லாபம் எதுவும் இல்லை.

அப்புறம், குதிகால் ஏன் எழும்புகிறது என்று கண்டுபிடியுங்கள். சுவரைப் பார்த்து ஒற்றைக்கால் மண்டியிடுங்கள். முன்னால் இருக்கும் காலின் பெருவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். குதிகாலை எடுக்காமல் முழங்காலைச் சுவரில் தொட முடிகிறதா? முடிந்தால் உங்கள் கணுக்காலில் குறை இல்லை. நிற்கும் விதத்தில்தான் கோளாறு. கால்களைக் கொஞ்சம் அகட்டி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி நின்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கம். கெண்டைக்கால் தசையைத் தினமும் நீட்டிப் பழக்குங்கள். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. கடைக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் போகாதீர்கள். மெல்லிய 2.5 கிலோ இரும்பு ப்ளேட் இரண்டை எடுத்து, குதிகாலுக்கு ஒன்றாக அடியில் வைத்து, வெறும் பாருடன் மட்டும் ஸ்குவாட் செய்து பாருங்கள். பளுதூக்கும் ஷூ செய்வதும் ஏறத்தாழ இதுதான். கடினமான பிளாஸ்டிக் அல்லது மரக் குதிகால், பெரும்பாலும் 20 மில்லிமீட்டரை ஒட்டிய உயரம். ப்ளேட் மேல் நின்றதும் முதுகு நிமிர்ந்து, இடுப்பு சுலபமாகக் கீழே இறங்கினால் ஷூ உங்களுக்கு உதவும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்தப் பணத்தை முட்டைக்கும் பயறுக்கும் செலவழியுங்கள். ஷூ உதவும் என்று தெரிந்தாலும், ஆறு மாதம் விடாமல் ஸ்குவாட் செய்த பிறகு வாங்குங்கள். நடுவில் ஜிம்மை விட்டுவிட்டால் அந்த ஷூவைத் தெருவில் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. தரையிலிருந்து தலைக்கு மேல் எடை தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் பழகப் போகிறீர்கள் என்றால் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்சில் 149 கிலோ தூக்கினார். 77 கிலோ உடல் எடைப் பிரிவில் தங்கம் அவருக்குத்தான். அந்த எடை தலைக்கு மேல் நிற்கும்போது ஆள் முழுக்கக் குந்தியிருப்பார். ஒரு நொடிக்குள் பாருக்கு அடியில் போய்க் குந்தும் வேலைக்கு ஷூவின் குதிகால் கடினமாக இருந்தாக வேண்டும். நல்ல பயிற்சியாளரிடம் சேர்ந்து, கம்பை வைத்துப் பழகும் கட்டம் தாண்டியதும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய பளுதூக்கும் ஷூ ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ஓடும் ஷூவைப் பழையதாக வாங்கக் கூடாது, ஃபோம் செத்திருக்கும். இதில் குதிகால் கடினம் என்பதால் அவ்வளவு சீக்கிரம் தேயாது. ஆனால் அடியும் மேல்பகுதியும் சேரும் இடத்தில் பசை விட்டிருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பாருங்கள். பல வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூவிலும் பசை விடும். மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேண்டாம். பட்டையின் வெல்க்ரோ போயிருந்தால் கவலை இல்லை, செருப்புத் தைப்பவர் மாற்றிக் கொடுப்பார்.

அளவு சரியாக இல்லாவிட்டால் பாதி விலையும் நஷ்டம்தான். என் முதல் ஜோடியைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு அரை சைஸ் பெரிதாக வாங்கினேன். குந்தும்போதெல்லாம் உள்ளே கால் வழுக்கியது. ஒரு வருடம் அவதிப்பட்டேன். சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஜிம்முக்குப் போடும் சாக்ஸுடன் போட்டுப் பாருங்கள். குதிகால் உள்ளே ஆடக் கூடாது, விரல்கள் நெருக்கப்படவும் கூடாது. வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். உங்களுக்கும் அப்படியென்றால் அகல வடிவில் கிடைக்கும் மாடலைத் தேடுங்கள்.

கேள்வி: பளுதூக்கும் ஷூவை ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் கடினமான குதிகால் என்று இருந்தது. வந்ததோ கட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர்.

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றாலும், பொருள் போலி என்றாலும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். குதிகாலை அழுத்தும்போது அமுங்குவது தெரிகிற மாதிரி ஒரு வீடியோவும் எடுங்கள். ஜிம்மில் போட்டுப் பார்க்க வேண்டாம், பயன்படுத்திய பொருள் என்பார்கள். விற்பனையாளருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம்.