போதகரின் டைரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நீலகிரியில் கேத்தியில் இருந்த பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன்) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. என் அப்பா கோத்தகிரிப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) போதகராக இருந்தவர். போன வருடம் காலமானார். இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, எழுபதுகளில் என் தாத்தா பாட்டியோடு கப்பலேறி வந்தவர். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்தார்கள். அப்புறம் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயில் வேலை என்று இங்கே கொண்டுவந்து விட்டார்கள். லயத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஓர் உபதேசியார் (போதகருக்கு உதவும் சபை ஊழியர்) வருவாராம். அவர் மூலமாகத்தான் அப்பா சபைக்குப் போனார். பிறகு மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துக் குருப்பட்டம் பெற்றார்.

சபையில் நினைவு மலர் போடுகிறார்கள். அப்பாவின் வாழ்க்கையை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கமிட்டிக்குச் சாட்சி வேண்டும். முன்னே எப்படி இருந்தார், ஆண்டவர் எப்படி அழைத்தார், அப்புறம் எப்படி மாறினார் என்று. என் அண்ணன் தொழிற்சங்கத்தில் இருக்கிறான். "ஜெபம், அழைப்பு எல்லாம் விடு. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது, 2009 மண்சரிவில் ஆட்கள் தங்கச் சர்ச் கோயிலைத் திறந்துவிட்டது, இதை மட்டும் எழுது. வெளியாள் படித்தாலும் மதிப்பான்" என்கிறான்.

எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் விசுவாசம் இருந்ததா? லயத்திலிருந்து வருடக்கணக்காகக் கோயிலுக்கு வந்த பலருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவர்களே கேட்டாலும் "பொறு, பிள்ளைங்க படிப்பை யோசி" என்பார். கமிட்டியில் இதற்காக அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உடம்புக்கு முடியவில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்று யாராவது வந்தால், முதலில் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அவருடைய டைரிகள் என்னிடம் இருக்கின்றன. நாளுக்கு ஒரு வசனம், அதற்குக் கீழே அன்றைய வேலைகள், அவ்வளவுதான். மனசில் இருந்ததை ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவைக் கேட்டால் "அவரு அப்படித்தான்" என்கிறாள்.

அவர் விசுவாசியா, சமூக சேவகரா? நான் எதை எழுதுவது?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நீங்கள் சந்தேகப்படும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு உங்கள் அப்பாவின் விசுவாசம் அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டார் என்கிறீர்கள். யாருக்கு என்று பாருங்கள். லயத்தில் இருப்பவருக்கு வீடு சொந்தமில்லை, நிலம் சொந்தமில்லை. வேலை முடிந்தால் காம்பராவை, அந்த லயத்து அறையை, காலி செய்ய வேண்டும். 2022இல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டபோது லயங்களில் எத்தனை பேருக்குத் தூக்கம் போனது என்று உங்கள் அண்ணனைக் கேளுங்கள், சொல்வார். 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். வந்த குடும்பங்களின் கையில் இருந்தது, தாயகம் திரும்பியவர் என்று காட்டும் ஒரு குடும்ப அட்டை. அதை வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். அந்தச் சான்றிதழும் அதனால் கிடைக்கும் படிப்பும்தான் அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்த சொத்து.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் ஓர் ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், தன்னோடு உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்து, கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மட்டும் கொடுக்காததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே அளவு தாழ்வு தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்றது தீர்ப்பு. செருப்புத் தைப்பவர் உச்ச நீதிமன்றத்தில் வேறு எதைக் காட்டி நிரூபிப்பார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அரசரடியில் படித்த ஒருவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரை எழுதுவது போதகரின் கை. அந்தப் பெயர் ஏறினால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன போகும் என்று அவருக்குத் தெரியும். 'உன் விசுவாசத்துக்காக அந்த விலையைக் கொடு' என்று இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது சுலபம், அதுவும் பிரசங்க மேடையில் நின்றுகொண்டு. அவர் சொல்லவில்லை. அப்போஸ்தலர் பவுலே கொரிந்து சபையாருக்கு எழுதும்போது, உங்களில் ஓரிருவருக்கும் ஒரு வீட்டாருக்கும் தவிர வேறு யாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்ததாக நினைவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கக் கிறிஸ்து என்னை அனுப்பவில்லை, சுவிசேஷத்தைச் சொல்லவே அனுப்பினார் என்கிறார். உங்கள் அப்பா இந்த இடத்தைப் பலமுறை படித்திருப்பார் என்றே நினைக்கிறேன். கடவுளின் கை அந்தப் பதிவேட்டுக்குள் அடங்கியது என்று நினைப்பவர்தான் அவசரப்படுவார். அப்படி இல்லை என்று நம்புகிறவரால் காத்திருக்க முடியும்.

ஆனால் கமிட்டியின் பக்கத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஞானஸ்நானம் இல்லாமல் திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராக்கும் சடங்கு) கிடையாது, திடப்படுத்தல் இல்லாமல் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து கிடையாது. மற்றவர்கள் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அந்த லயத்துக் குடும்பங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் பீடத்தில் நின்று பார்த்தவர் அவர். சபைக்குள் இரண்டு வகை ஆட்கள் உருவாகிறார்கள் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். இரவில் இயேசுவிடம் வந்த நிக்கொதேமுவை வைத்து, 'நிக்கொதேமு விசுவாசிகள்' என்று கேலி பேசுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் அந்த நியாயத்துக்காகத்தான் கேட்டார்களா என்பது வேறு விஷயம். மலைச் சபைகளில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முட்டைக்கோஸை ஐநூறு ரூபாய்க்கு எடுத்து, அதையே திரும்ப ஏலத்துக்கு விட்டுக் கைத்தட்டல் வாங்குவார்கள். அன்றைக்கு லயத்து ஆட்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பெயர் எதுவும் போட வேண்டாம்.

காத்திருப்பது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 1846இல் கேத்தியில் பாசல் மிஷன் வேலை தொடங்கியது. இந்த மலையின் மக்களான படகர்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். இடையில் மெட்ஸ் போன்ற மிஷனரிகள் படகர்களின் மொழியைப் பேசக் கற்று, ஹட்டி ஹட்டியாக (படகர் ஊர் ஊராக) நடந்திருக்கிறார்கள். இன்னொரு மலைக்குடியான தோடர்களிடையே முதல் மதமாற்றம் 1904இல்தான், கேத்தரின் லிங் அம்மையாரின் காலத்தில். தங்கள் நாட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய மிஷன்களே இவ்வளவு காலம் காத்திருந்தன. மாறிய படகர்கள் ஹட்டியை விட்டு விலக வேண்டியிருந்தது, தோடர்கள் தங்கள் குடியிருப்பான மந்துவை விட்டு. அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. உங்கள் அப்பா அதைத் தன் சபைக்குள்ளேயே யோசித்தவர்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். லூக்கா வைத்தியர் என்று வேதத்திலேயே இருக்கிறது.

சரி, சாட்சிக்கு வருவோம். கமிட்டி கேட்கும் சாட்சிக்கு அச்சு ஒன்று இருக்கிறது. குடி, சண்டை, இருட்டு. பிறகு ஒரு நள்ளிரவு, ஒரு குரல், கண்ணீர். பவுலுக்குத் தமஸ்கு வழியில் அப்படி நடந்தது உண்மை. எல்லாருக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. உங்கள் அப்பாவுக்கு அழைப்பு வந்த விதம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். ஒருவர் லயத்துக்கு வந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். காசு வாங்காமல்தான் எழுதியிருப்பார். ஊருக்குப் புதிதாக வந்து, 'சிலோன்காரப் பையன்' என்று கூப்பிடப்பட்ட ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இந்த ஆள் ஏன் வருகிறார் என்று கேட்டிருக்கிறான். இதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

அந்த உபதேசியாரைத் தேடிப் பாருங்கள். இந்தத் திருச்சபையைத் தூக்கி நிறுத்தியதில் பாதி உபதேசிமார்தான். குருப்பட்டம் கிடையாது, சம்பளம் சொற்பம், மிஷன் அறிக்கைகளில் பெயர்கூட இருக்காது, 'எங்கள் சுதேச உதவியாளர் ஒருவர்' என்று போய்விடுவார்கள். கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டு நீலகிரி ஏறினார், ஊட்டியில் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு இடையன்குடிக்குப் போனார் என்பது நமக்கெல்லாம் தெரியும், ஏனென்றால் எழுதி வைத்திருக்கிறார்கள். மனு எழுதிக் கொடுக்க எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்தவரின் வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள். அந்த அத்தியாயம் இரண்டு பக்கம் கூடினாலும் பரவாயில்லை.

உங்கள் அண்ணன் மீது எனக்கு மரியாதை உண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கமெல்லாம் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன வாரத்தில் கோயிலைத் திறந்துவிட்டவரை, அதற்காக மட்டுமே நினைவில் வைக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைப்பது புரிகிறது. ஆனால் ஜெபத்தை வெட்டிவிட்டால் ஒரு நல்ல தாலுகா அலுவலக ஊழியர்தான் மிஞ்சுவார். முப்பது வருடம் ஒரே வேலையை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கட்டிக்கொண்டு, சொற்பச் சம்பளத்தில் ஏன் செய்தார்? அண்ணனுக்கு அவருடைய சங்கம் ஒரு காரணம் கொடுக்கிறது. அப்பாவுக்கு அவருடைய வேதம் கொடுத்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்த பையன், இறையியல் வகுப்பில் யாத்திராகமத்தைத் திறக்கிறான். கடலைக் கடந்த கூட்டம். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன்தானே என்று அங்கே ஒரு கட்டளை. நமக்கெல்லாம் அது பழைய கதை, அவருக்கு அது சொந்தக் கதை. அரசரடியும் மாணவர்களைச் சேரியிலும் கிராமத்திலும் தங்கவைத்து இறையியல் சொல்லிக்கொடுத்த இடம். 'விசுவாசியா, சேவகரா' என்று அவரிடமே கேட்டிருந்தால், கேள்வி புரியாத மாதிரிப் பார்த்திருப்பார்.

டைரியில் மனசு இல்லை என்கிறீர்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் 'நான்' என்று எழுதக் கூச்சப்படுவார்கள். வசனத்தைப் பாருங்கள். அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அது காலண்டரில் அந்தந்த நாளுக்குப் போட்டிருந்த வசனமா, அவராகத் தேர்ந்தெடுத்ததா? இரண்டு மூன்று வருடத்துப் பழைய திருச்சபைக் காலண்டரோ பஞ்சாங்கமோ கிடைத்தால் ஒப்பிட்டுவிடலாம். காலண்டர் வசனம் என்றால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள். அவரே எடுத்தது என்றால், கமிட்டி அவரைக் கேள்வி கேட்ட நாளில் என்ன வசனம், மண்சரிவு நாட்களில் என்ன, இடமாற்ற உத்தரவு வந்த அன்று என்ன என்று பாருங்கள். மலரில் நாலைந்து பக்கங்களை அப்படியே புகைப்படமாகப் போடலாம். மேலே வசனம், கீழே 'ரேஷன் கார்டு, மூன்று பேர்'. விளக்கம் எதுவும் எழுத வேண்டாம், கமிட்டியும் அண்ணனும் அவரவர் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு குறை மட்டும் சொல்கிறேன். இவ்வளவு நீளமான கடிதத்தில் அம்மாவுக்கு ஒரு வரிதான். ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, என்பது சம்பளமில்லாத இன்னொரு போதகர் வேலை. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், வேளைகெட்ட வேளையில் வருகிறவர்களுக்கெல்லாம் டீ, பார்சனேஜ் (போதகர் வீடு) கூரை ஒழுகினால் அடியில் வைக்கும் பாத்திரம் உட்பட. பஸ்ஸுக்கு எடுத்துக் கொடுத்த காசு எந்தச் செலவில் குறைந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். "அப்பாவுக்கு விசுவாசம் இருந்ததா" என்று கேட்டால் "அவரு அப்படித்தான்" என்றுதான் பதில் வரும். அந்தக் காசைப் பற்றிக் கேளுங்கள். பதிவேடுகளைப் பார்க்க சபையின் இப்போதைய போதகரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள், முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், விலைக்குத்தான்.