சப்ளையர் கைவிட்டால் சமாளிக்க, மாற்று சப்ளையரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிறிய அளவில் பனியன் கம்பெனி தொடங்கியிருப்பதாகவும், இருக்கிற சப்ளையர் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாகத் திருப்பூரில் உற்பத்தியைக் கவனித்து வருகிறேன். மாற்று ஆளைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது விலையை இல்லை. முதல் ஆளை முடக்குகிற அதே காரணம் இவரையும் முடக்குமா என்பதைத்தான்.

இது 2011 ஜனவரியில் பட்டுத் தெரிந்துகொண்டது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலைக்கு வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எங்களுக்குச் சாயம் போட்டுக் கொடுக்க மூன்று பட்டறைகள் இருந்தன. ஒன்று போனால் இன்னும் இரண்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். மூன்றும் சேர்ந்தே மூடின. நிட்டிங் முடிந்த துணி குடோனில் ரோல் ரோலாகக் கிடக்க, பையருக்குக் கொடுத்த தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. லூதியானா வரை துணியை அனுப்பிச் சாயம் போட்டவர்கள் உண்டு. ஆற்றை நம்பியிருந்த விவசாயிகளை நினைத்தால் அந்த உத்தரவு நியாயமானதுதான். நாங்கள்தான் மூன்று பேரை வைத்துக்கொண்டு, உண்மையில் ஒருவரை மட்டுமே வைத்திருந்தோம்.

அதனால் பட்டறைக்குப் போனால் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். இரண்டு பட்டறைகளும் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைந்திருந்தால் அது ஒன்று என்றே கணக்கு. நூலிலும் இப்படித்தான். இரண்டு டீலர்களிடம் வாங்குகிறோம் என்பார்கள். நூல் சுற்றி வரும் கோனுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தால் இரண்டிலும் ஒரே மில் பெயர் இருக்கும்.

அடுத்தது, மாற்று ஆளுக்கு இப்போதே வேலை கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்கு நேவி கலரில் முதல் லாட் அனுப்பினோம். ரெசிபி அதேதான், ஆனால் தண்ணீர் வேறு, சாயத்தின் பிராண்டும் வேறு. வெவ்வேறு வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்தில் ஷேட் அப்படியே ஒத்துப்போனது. கடை வெளிச்சத்துக்கு மாற்றியதும் துணி லேசாகச் சிவப்பு அடித்தது. சரிசெய்ய மூன்று லேப் டிப் (சிறு துண்டில் சாயம் போட்டுப் பார்க்கும் மாதிரி) ஆனது. அவசரத்தில் முதல் தடவையாக அங்கே போயிருந்தால் ஷிப்மென்டே போயிருக்கும்.

இப்போது மாதா மாதம் ஐந்தில் ஒரு பங்கு துணி அவர்களுக்குப் போகிறது. கிலோவுக்கு 8 ரூபாய் அதிகம், லாரி வாடகை தனி. கொடுக்கிறோம். பேமென்டும் தள்ளிப்போடுவதில்லை, நெருக்கடி வந்தால் அவர் மெஷினில் முதலில் யார் துணி ஏறும் என்பது இதை வைத்துத்தான்.

அட்டைப்பெட்டி, பாலிபேக்குக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், திருப்பூரில் மறுநாளே கிடைக்கும். நீங்கள் சாயத்தில் தொடங்குங்கள். அதிகம் ஓடுகிற இரண்டு கலரை எடுத்து, வெளியூர்ப் பட்டறையில் லேப் டிப் போட்டு, பையரிடம் இந்த சீசனிலேயே அப்ரூவல் வாங்கி வைத்துவிடுங்கள்.