மாற்று ரெகுலேட்டர் யாருக்காக?

கேள்வி: ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். அங்கே தந்த கருவியில், சிலிண்டர் காற்றை வாயில் கவ்விச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரோடு, மஞ்சள் நிறத்தில் இன்னொரு ரெகுலேட்டரும் இருந்தது. பயிற்சி வகுப்புக்கு வெளியே அதற்கு வேலையே வரவில்லை. சொந்தமாகக் கருவி வாங்கும்போது அது அவசியமா? உடன் வருபவரிடம் ஒன்று இருந்தால் போதாதா?

பதில்: அவசியம். ‘ஆக்டோபஸ்’ என்று முக்குளிப்போர் அழைக்கும் அந்த மஞ்சள் கருவி முதன்மையாக உங்களுக்கானது அன்று, உங்களுடன் இறங்குபவருக்கானது. அவரும் உங்களைப் போலவே எண்ணி அதை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ரெகுலேட்டரை இருவரும் மாறி மாறிக் கவ்விச் சுவாசிக்கும் முறை முன்பு பரவலாகக் கற்பிக்கப்பட்டது. நிதானமாக இருப்பவர்களுக்கே கடினமான அந்த வித்தையில், மூச்சுமுட்டிப் பதறுபவர் ஒருமுறை கவ்வியதைத் திருப்பித் தருவார் என்று நம்பி இறங்க நான் துணியமாட்டேன்.

ஆனால் ஆக்டோபஸ் முழுமையான மாற்று அன்று. சிலிண்டர் வால்வில் பொருத்தும் முதல் நிலை, சுமார் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) அழுத்தமுள்ள காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது; வாயில் கவ்வும் இரண்டாம் நிலை அதைச் சுவாசிக்கத் தக்கதாக்குகிறது. ஆக்டோபஸ் என்பது அதே முதல் நிலையில் மாட்டிய இன்னொரு இரண்டாம் நிலை, அவ்வளவே. ஆகவே கடுங்குளிர் நீரில் முதல் நிலை உறைந்து காற்று கட்டுக்கடங்காமல் பீறிட்டாலோ, சிலிண்டர் காலியானாலோ, உங்கள் மஞ்சள் கருவியால் உங்களுக்குப் பயனில்லை.

தனியாகவோ ஆழமாகவோ இறங்குபவருக்குத் தனி ரெகுலேட்டருடன் கூடிய சிறு சிலிண்டரே சரியான துணை. 3 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு நிரப்பினால் சுமார் 600 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் பதற்றத்தில் 40 லிட்டர் இழுக்கிறார் என்று கொள்வோம். 30 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க அவருக்கு ஏறத்தாழ 510 லிட்டர் தேவை. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் நான்கு மடங்கு என்பதால், அடியில் தடுமாறும் ஒரு நிமிடத்துக்கே கூடுதலாக 160 லிட்டர் போய்விடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கைக்கடக்கமான குட்டிச் சிலிண்டர்களை வாங்குவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

எதை வாங்கினாலும், ஆக்டோபஸைக் கீழே தொங்கவிடாமல் மோவாய்க்கும் விலா எலும்புகளின் கீழ்முனைக்கும் இடையில், இழுத்ததும் கழன்று வரும்படி மாட்டுங்கள். மணலில் இழுபட்ட ரெகுலேட்டர், தேவைப்படும் நேரத்தில் காற்றோடு தண்ணீரையும் சேர்த்துத் தரும். இறங்குமுன் இரண்டிலும் நான்கைந்து முறை மூச்சிழுத்தபடி அழுத்தமானியைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஊசி தாழ்ந்து எழுந்தால், சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்யாமல் நீரில் இறங்க வேண்டாம்.