அவர் வாயைத் திறப்பதற்குள்

கேள்வி: என் மருமகள் போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். நடக்க முடியாமல் துடித்ததால் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முதுகுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு எதுவும் இல்லை. படம் எடுப்பவர் ‘நாள் தள்ளிப்போயிருக்கிறதா?’ என்று கேட்டபோது, கூட்டமாக இருந்ததால் நானே ‘அதெல்லாம் இல்லை’ என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கர்ப்பம். படம் எடுத்தபோது ஐந்து வாரம் என்கிறார்கள். குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். கலைத்துவிடலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மகன் சவுதியில் இருக்கிறான். எங்கள் பேச்சைத் தட்ட மாட்டான். எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: எத்தனை நாளுக்குள் என்பதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. எக்ஸ்ரே பற்றிய இத்தகைய கடிதங்கள் எனக்கு ஆண்டுதோறும் வருகின்றன. ஆனால் ஆட்டோவுக்குக் கொடுத்த கூலியைச் சொல்வதுபோல நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வாக்கியத்தை இதுவரை எவரும் எனக்கு எழுதியதில்லை. ‘நானே அதெல்லாம் இல்லை என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டேன்.’ யாரைக் கேட்டார் அந்த ஊழியர்? வலியோடு நின்றுகொண்டிருந்த உங்கள் மருமகளை. அன்றைக்கு அவருக்கு நாள் தள்ளி ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும். அந்த வரிசையில் அதை அறிந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். கிரகணத்தன்று கர்ப்பிணியை வாசல்படி தாண்ட விடாமல் கதவைச் சாத்துகிற குடும்பத்தில், கேட்கவேண்டிய இடத்தில் கேட்ட ஒரே கேள்விக்கு மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கோளாறு அங்கே இருக்கிறது.

முதலில் கதிர்வீச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஆறுதலுக்காக அன்று. ஒன்றுமே ஆகாது என்று உங்களுக்கு எவராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் ஆளனுப்பி, கர்ப்ப காலத்தில் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்க வைத்தார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இடுப்பெலும்பின் அளவறிய எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மார் அந்தக் கூட்டத்தில் அதிகமாக இருந்ததை அவர் 1956இல் வெளியிட்டார். தாய்மாரின் நினைவை எப்படி நம்புவது என்று மருத்துவ உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1962இல் அமெரிக்காவின் பிரையன் மக்மஹோன், எவரையும் கேட்காமல் மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்து, கருவில் எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல் என்று கண்டபோதுதான், அந்தத் தாய்மார் சொன்னது சரி என்பது தெளிந்தது. கருவிலுள்ள பிள்ளைக்குக் குறைந்த கதிர்வீச்சும் தீங்கு செய்யலாம் என்ற அறிவே, ஒருவர் தாயைக் கேட்டதால் வந்தது என்பதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தத் தீங்கின் அளவு என்ன என்பது அடுத்த கேள்வி. இடுப்புப் படம் ஒன்றுக்குக் கருவை எட்டுவது சராசரியாக 1.1 மில்லிகிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), கீழ்முதுகுப் படத்துக்கு 1.7 மில்லிகிரே என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000ஆம் ஆண்டின் தன் அறிக்கையில் குறித்திருக்கிறது. இயந்திரத்தையும் எடுக்கும் விதத்தையும் பொறுத்து இது சில மடங்கு கூடவும் செய்யலாம். கருவில் எந்தப் படமும் படாத ஆயிரம் குழந்தைகளில் 997 பேர் 19 வயது வரை புற்றுநோய் இல்லாமல் இருப்பார்கள். 10 மில்லிகிரே பட்ட ஆயிரத்தில் அந்த எண்ணிக்கை 996. பிறவிக் குறை என்று பார்த்தால், எக்ஸ்ரே வாசலையே மிதிக்காத தாய்மாருக்கும் நூற்றில் மூன்று குழந்தைகள் அப்படிப் பிறக்கின்றன. 100 மில்லிகிரேக்குக் கீழே அந்த மூன்று நான்காவதில்லை. அதனால்தான் 100 மில்லிகிரேக்குக் குறைவான அளவைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமாகாது என்று அந்த ஆணையம் எழுதிவைத்திருக்கிறது.

மூளை வளர்ச்சி குன்றிவிடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றால், ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்து. 1945இல் தாய் வயிற்றில் இருந்தபடி அந்தக் குண்டுகளின் கதிர்வீச்சுக்கு ஆளாகி, பிறகு தொடர்ந்து பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய 1,600 பேரில் 30 பேருக்குக் கடுமையான மூளை வளர்ச்சிக் குறை இருந்தது. கரு தரித்து 8 முதல் 15 வாரத்தில் இருந்தவர்களிடம்தான் அது மிகுதி. 8 வாரத்துக்கு உட்பட்டவர்களிடம் அந்தப் பாதிப்பு காணப்படவில்லை. மருத்துவர் சொல்லும் ஐந்து வாரம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. கருவின் உண்மையான வயது அன்றைக்கு மூன்று வாரம். குண்டு விழுந்த ஊரின் கணக்கைக் கிணற்றடியில் விழுந்தவர் மேல் ஏற்றுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். (இனி எடுக்கப்போகும் கர்ப்பகால ஸ்கேனையும் இதே பயத்தில் தவிர்த்துவிடாதீர்கள், அது ஒலியால் எடுப்பது, அதில் கதிர்வீச்சே கிடையாது.)

பயத்தின் பேரில் எடுக்கும் முடிவு என்ன செய்யும் என்பதற்கு கிரேக்க நாடு இருக்கிறது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, கிரேக்க மக்களுக்குச் சேர்ந்த கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டை (எக்ஸ்ரே கணக்கில் ஒரு மில்லிகிரேக்குச் சமம்) தாண்டாது என்று கணக்கிடப்பட்டது. அது உங்கள் மருமகளின் ஒரு படத்துக்கு ஒப்பான அளவு. இருந்தும் வதந்தியும் பத்திரிகைச் செய்திகளும் பரவி, மருத்துவர்களில் சிலரே தடுமாறிப்போக, 1987 ஜனவரியில் அந்நாட்டில் பிறப்பு 23 விழுக்காடு குறைந்தது. பெற்றோர் விரும்பிச் சுமந்த ஏறக்குறைய 2,500 கருக்கள் கலைக்கப்பட்டன என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறதே, அதிலுள்ள மோனசைட் என்ற கனிமம், கதிர்வீசும் தோரியம் கலந்தது. அதே மணல் படிந்த, கேரளத்தின் கொல்லம் பகுதிக் கரையில் 1995 முதல் மருத்துவமனைகளில் பிறந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தவர்கள், இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த பகுதியில் பிறவிக் குறை கூடியிருப்பதாகக் காணவில்லை.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். கடிதத்தில் உங்கள் கருத்து இருக்கிறது, உங்கள் கணவருடையது இருக்கிறது, சொந்தக்காரர்களுடையதும் இருக்கிறது. சவுதியில் இருக்கும் மகன் என்ன சொல்வான் என்பதைக்கூட அவன் சொல்லாமலே எழுதிவிட்டீர்கள். மருமகள் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. எக்ஸ்ரே அறை வாசலில் செய்ததையே இப்போது இரண்டாம் முறை செய்யப் பார்க்கிறீர்கள். சட்டம் இதில் உங்களைப் போல அவசரப்படவில்லை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, வயது வந்த பெண்ணின் கருவைக் கலைக்க அவருடைய சம்மதம் வேண்டும். கணவன், மாமனார், மாமியார் எவருடைய சம்மதத்துக்கும் அங்கே இடம் கிடையாது. பேச்சைத் தட்டாத மகனை வளர்த்ததில் உங்களுக்குப் பெருமை இருக்கலாம். மனைவியிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று தொலைபேசியில் கேட்கத் தெரியாத மகனை வளர்த்ததில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு மூத்தவள் அரணாக நிற்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். அவருடைய வாயாகவும் ஆகிவிடுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

அந்த மருத்துவமனைக்குப் போய், எத்தனை படம், எந்தப் பகுதி, இயந்திரத்தில் வைத்த அளவு என்ன என்பதை எழுதி வாங்குங்கள். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் இருப்பார். கருவுக்கு எவ்வளவு பட்டது என்பதை அவரால் கணக்கிட்டுச் சொல்ல முடியும். அந்தத் தாளோடு மருமகளை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும் முன், எக்ஸ்ரே எடுத்த அன்று தனக்கு நாள் தள்ளியிருந்தது தெரியுமா என்று அவரிடம் கேளுங்கள். தெரியும் என்று அவர் சொன்னால், மன்னிப்புக் கேளுங்கள். வயதில் மூத்தவள் என்ற தயக்கம் வேண்டாம். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் கூடலாம் என்ற அந்தக் கணக்கையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் பெயரைக் கூப்பிட்டதும் அவர் மட்டும் உள்ளே போகட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.