வாசகர் கேள்வி – பதில்: அன்னாளிடம் ஆராதனை கற்போம்

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் எல்லாரும் உரக்க ஜெபிக்கிறார்கள். எனக்கோ வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. அன்னாளைப் போல மௌனமாக ஜெபித்தால் போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். ஆனால் பிள்ளையில்லாத ஏக்கத்தோடு சீலோவிலிருந்த கர்த்தருடைய ஆலயத்தில் ஜெபித்த அன்னாள் (சாமுவேலின் தாய்) மௌனமாக இருக்கவில்லை. 1 சாமுவேல் 1:13ஐ இன்னொரு முறை வாசியுங்கள். உதடுகள் அசைந்தன, சத்தம் மட்டும் வெளியே கேட்கவில்லை. மனதுக்குள் மட்டும் ஜெபித்தால் நாலாவது வரிக்குள் நினைப்பு வேறெங்கோ ஓடிவிடும். உதடு அசைந்தால் தொடங்கிய வாக்கியத்தை முடித்தாக வேண்டும். யூத ரபீமார் ஜெபத்துக்கு ஒழுங்கு வகுத்தபோது, ஆசாரியனான ஏலியை விட்டுவிட்டு இந்தப் பெண்ணைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். மனம் ஒன்றியிருக்க வேண்டும், உதட்டால் உச்சரிக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது என்று யூத மரபு நூலான தல்மூதின் பெரகோத் பகுதி இந்த வசனத்திலிருந்தே சொல்கிறது. யூதப் புத்தாண்டின் முதல் நாளில் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படுவதும் அன்னாளின் வரலாறுதான்.

அழுகைக்காக வெட்கப்படாதீர்கள். அவளும் அழுதுகொண்டேதான் ஜெபித்தாள் (1:10). ஆனால் என்ன கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். முழு விண்ணப்பமும் 11ஆம் வசனம் ஒன்றில் அடங்கிவிடுகிறது. சேனைகளின் கர்த்தரே என்று அழைக்கிறாள், தன் சிறுமையைச் சொல்கிறாள், வேண்டியதைக் கேட்கிறாள், தான் செய்யப்போவதைச் சொல்கிறாள். வருஷக்கணக்காக அவளைக் குத்திக்காட்டிய, கணவனின் மற்ற மனைவி பெனின்னாளின் பெயர் அதில் வரவே இல்லை. நம் ஜெபம் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பாதி நேரம் அடுத்தவர்மேல் புகார் படிக்கவே போய்விடுகிறது. உங்கள் விண்ணப்பத்தை அந்த வசனத்தின் அளவுக்குள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புகார் தானாகவே உதிர்ந்துவிடும்.

இன்னொன்று, அவள் சாப்பிட்டதும் முகவாட்டம் நீங்கியதும் 18ஆம் வசனம். விடியற்காலையில் எழுந்து பணிந்துகொண்டது 19ஆம் வசனம். கர்ப்பவதியானது அதற்குப் பிறகு, 20ஆம் வசனத்தில்தான். பிள்ளை கிடைத்ததற்கான நன்றி ஆராதனை என்று மட்டும் இதைப் பிரசங்கிப்பவர்கள் இந்த வரிசையைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: அவளைப் போல நானும் ஒரு பொருத்தனை (கடவுளுக்குச் செய்யும் நேர்ச்சை) செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பொருத்தனை பண்ணாதிருந்தால் பாவமில்லை, பண்ணினால் தாமதிக்காமல் செலுத்த வேண்டும் என்கிறது உபாகமம் 23:21-22. அன்னாளுடையது சின்னப் பொருத்தனையும் அல்ல. லேவியருக்கு ஆசரிப்புக்கூடாரப் பணி 25 வயதில் தொடங்கி 50இல் முடியும் (எண்ணாகமம் 8:24-25). இவளோ மகனுடைய ஆயுள் முழுவதையும் கர்த்தருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மனைவியின் பொருத்தனையைக் கேள்விப்படுகிற நாளில் கணவன் தள்ளிவிடலாம் என்ற சட்டமும் இருந்தது (எண்ணாகமம் 30:8). அவள் கணவன் எல்க்கானா தள்ளவில்லை. ஆகவே வீட்டாரையும் தொடுகிற பொருத்தனையானால், முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். ‘கேட்டதைத் தந்தால் இதைத் தருவேன்’ என்று பேரம் பேச அன்னாளைச் சாட்சிக்கு அழைப்பது சரியல்ல. அவள் கேட்ட பிள்ளையையே திருப்பிக் கொடுத்தாள். பேரத்தில் அவள் கையில் என்ன மிஞ்சியது?

கேள்வி: ஒரு பிள்ளையை ஒப்படைக்க அன்னாள் மூன்று காளைகளைக் கொண்டுபோனது எதற்கு (1:24)? சில மொழிபெயர்ப்புகளில் ‘மூன்று வயதுக் காளை’ என்று இருக்கிறதே?

பதில்: பழைய பிரதிகளிலேயே இரண்டு விதமாகவும் இருக்கிறது. மாவின் அளவைப் பாருங்கள். பலியிடும் ஒரு காளைக்கு எப்பா என்ற அளவில் பத்தில் மூன்று பங்கு மாவு சேர்க்க வேண்டும் (எண்ணாகமம் 15:9). மூன்று காளைக்குப் பத்தில் ஒன்பது பங்கு. அவள் கொண்டுபோனது ஒரு எப்பா, ஏறக்குறைய 22 லிட்டர். அதனால் மூன்று காளைகள் என்ற வாசிப்பும் பொருந்தத்தான் செய்கிறது. ஒரே காளை என்றால் மாவு மூன்று மடங்குக்கும் அதிகம். எப்படிப் பார்த்தாலும் அவள் குறைத்து அளக்கவில்லை.

கேள்வி: கைக்குழந்தை இருப்பதால் பல மாதங்களாக ஆராதனைக்குப் போகவில்லை. மனது உறுத்துகிறது.

பதில்: அன்னாளும் போகவில்லை. பிள்ளை பால் மறக்கும்வரை சீலோவுக்கு வரமாட்டேன் என்று கணவரிடம் நேராகவே சொன்னாள் (1:22). அந்தக் காலத்தில் அது இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். வேதம் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பால் கொடுக்கிற நேரத்தில் இரண்டாம் அதிகாரத்திலுள்ள அவளுடைய துதிப்பாட்டை, பத்தே வசனங்கள், உதடு அசைய வாசியுங்கள். குழந்தை தூங்கிப்போனால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம்.