பாரிஸ் ஓடியா போய்விடும்?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துக் கெம்னிட்ஸ் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்க வந்திருக்கும் கோவைத் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அக்கா, அக்டோபரில் வந்தேன். ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. கூட வந்தவர்கள் வாரக் கடைசியானால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் புத்தகப் பிரியன். ஆனால் பெட்டியில் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்களைக்கூட இங்கே தொட மனம் வரவில்லை. கையில் இருப்பதை வைத்து நானும் ஊர் சுற்றுவதா, அறையிலேயே கிடப்பதா? இன்னும் சில புத்தகங்களை வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாமா?"

தம்பி, பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டிலிருந்து உங்களுக்கு மாதம் 992 யூரோ வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தை இரண்டே நாளில் பாரிஸில் கரைத்துவிட்டு, மாதம் முடியும்வரை வெறும் பாஸ்தாவை வேகவைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்கள் குடியிருப்பு அனுமதி இருக்கும்வரை தனி விசா இன்றி மற்ற ஷெங்கன் (பொது விசா முறையுள்ள ஐரோப்பிய) நாடுகளில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்வரை சுற்றலாம். பாரிஸ் ஓடியா போய்விடும்? முதல் குளிர்காலத்தில் மட்டும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் தேர்வு. நம் ஊர்க் கல்லூரியில் வருகைப் பதிவு, உள்மதிப்பீடு என்று யாராவது நம்மைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள். இங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவே கிடையாது. நீங்கள் வரவில்லை என்பதைப் பேராசிரியர் கவனிக்கக்கூட மாட்டார். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் விடுமுறை மாதங்கள்போலவே தோன்றும். பிப்ரவரி வந்ததும் தேர்வு. பல பாடங்களில் அந்த ஒரு தேர்வுதான் முழு மதிப்பெண்ணையும் முடிவு செய்கிறது. மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 என்றால் முதல்தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. தோற்றால் மறுபடி எழுதலாம், ஆனால் எத்தனை முறை என்பதற்கு வரம்பு உண்டு. பல இடங்களில் மொத்தம் மூன்று. கடைசி வாய்ப்பும் போனால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதே பாடப்பிரிவை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக முடியாது. உங்கள் துறையின் தேர்வு விதிகளை இந்த வாரமே தேடி எடுத்துப் படியுங்கள். சுவையான வாசிப்பாக இராது, ஆனாலும் அதை முடித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்திருப்பீர்கள். அன்றைக்குக் கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எந்த ஊரும் அப்படித்தான் இருக்கும். கோவைக்காரர் என்பதால் உங்களிடம் இதைச் சொல்லலாம்: கெம்னிட்ஸை ஒரு காலத்தில் 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்றே அழைத்தார்கள். நூற்பு, நெசவு, இயந்திரத் தயாரிப்பு என்று புகை கக்கி வளர்ந்த ஊர். உங்கள் பல்கலைக்கழக நூலகம் 2020இல் குடியேறிய கட்டடமே ஒரு பழைய நூற்பாலைதான். மூடிக் கிடக்கும் மில் வளாகங்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவருக்கு அந்த வாசிப்பு அறை அந்நியமாகவா இருக்கும்? உட்கார்ந்து பாருங்கள்.

நகர நூலகத்துக்கும் போங்கள். டீட்ஸ் என்னும் அந்தக் கட்டடம் 1913இல் பெரிய பல்பொருள் அங்காடியாகத் திறக்கப்பட்டது. உரிமையாளர்கள் யூதர்கள், நாஜிகள் காலத்தில் அவர்களுக்கு நேர்ந்ததை அங்கேயே படித்துத் தெரிந்துகொள்ளலாம். 2004இலிருந்து அது நூலகமும் அருங்காட்சியகமும் சேர்ந்த பண்பாட்டு மையம். உள்ளே நுழைந்ததும் நடுமுற்றத்தில் மரங்கள் நிற்கும். கிட்டே போனால் அத்தனையும் கல். எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லாகிப்போன தண்டுகள், வயது சுமார் 29 கோடி ஆண்டுகள். விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் இருக்கும் நம் கல்மரங்களுக்கு இரண்டு கோடி ஆண்டு என்பார்கள். அவற்றுக்கு இவை எத்தனை தலைமுறைப் பாட்டனோ! இதைப் பார்க்காமல் ஆம்ஸ்டர்டாமுக்கு பஸ் ஏறுகிறவர்களை என்னவென்று சொல்வது? அங்கேயே உறுப்பினர் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் சிறியது, மின்னூல்களும் இரவல் கிடைக்கும்.

தமிழ்ப் புத்தகங்களைத் தொட மனம் வரவில்லை என்பது புதிதாக வந்தவர்கள் பலர் சொல்லிக் கேட்டதுதான். பகல் முழுவதும் புரியாத மொழியின் பெயர்ப்பலகை, கடிதம், மாத்திரை உறை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக் களைத்த கண், இரவில் எந்த மொழியையும் வேண்டாம் என்கிறது. புத்தகத்தின்மேலும் உங்கள்மேலும் பழி போடாதீர்கள். அறையில் ஓடாத பக்கம் ரயிலில் ஓடும். ஜெர்மனி டிக்கெட் உங்கள் பருவக் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்திருக்கிறது. 2023 மே மாதத்தில், மாதத்துக்கு 49 யூரோ என்று வந்த பயணச்சீட்டு அது, பிறகு விலை ஏறியது. அதிவேக ரயில்களில் செல்லாது, மெதுவாகப் போகும் வட்டார ரயில்களில் நாடு முழுவதும் செல்லும். படிக்கிறவருக்கு அந்த மெதுவான ரயில்தான் வேண்டும். கெம்னிட்ஸிலிருந்து டிரெஸ்டன் ஒரு மணி நேரம், லைப்சிக்கும் அவ்வளவுதான். டிரெஸ்டனிலிருந்து எல்பே ஆற்றை ஒட்டி ஓடும் உள்ளூர் ரயிலில் ராத்தன்வரை போய், படகில் ஆற்றைக் கடந்து, பாஸ்டை பாறைகளுக்கு ஏறலாம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், காலை எட்டுவரை விடியாது. அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையாவது வெளியே இருந்து வாங்கிக்கொள்ளுங்கள். தாமதம் ஆகும். ஆகட்டும், கையில்தான் புத்தகம் இருக்கிறதே.

தமிழ் வாசகராக இருக்கிற ஒருவர் இந்தப் பகுதியில் கட்டாயம் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. லைப்சிக்கில் இறங்கி ஹாலேக்கு ரயில் மாறுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு படித்த ஊர் ஹாலே. லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானதும் அங்கேதான். அவரைப் போன்ற மதபோதகர்களுக்குத் துணைநின்ற பிராங்கே அறக்கட்டளையின் வளாகத்துக் காப்பகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. 1728இல் கட்டிய நூலக மண்டபத்தைப் பார்வையாளர்களும் பார்க்கலாம். நாடக மேடையின் பக்கத்திரைகள்போல அலமாரிகள் இருபுறமும் அடுக்கடுக்காக நிற்கும். பக்கத்துக் கட்டடத்தில் மேல்தளத்து அரும்பொருள் கூடத்துக்கும் ஏறிப் பாருங்கள். சோழமண்டலக் கடற்கரைக்குப் போனவர்கள் அனுப்பிவைத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. என்னைப் பார்க்க லைப்சிக் வருகிறவர்களிடம் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இந்த ஊரில் 1856இல் வெளியானதைச் சொல்வேன். மொழிபெயர்த்தவர் கார்ல் கிரவுல், தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் கற்றுத் திரும்பியவர். 'இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்' என்று வந்த புதிதில் தோன்றும் எண்ணத்துக்கு என்னிடம் இருக்கும் மருந்து இவைதான். ஈஃபிள் கோபுரம் இந்த வேலையைச் செய்யாது.

ஜெர்மன் வாசிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் இல்லாமலே பட்டம் வாங்கிவிடலாம். வாங்கியபின் வேலை தேடும்போது தெரியும் அதன் விலை. நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு வெட்கப்படாமல் போங்கள். முதுகலை மாணவர் ஐந்து வயதுப் பிள்ளையின் படக்கதையை எடுத்துப் போவதை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டாய்ச்லான்ட்ஃபுங்க் வானொலி எளிய ஜெர்மனில் செய்திகளை இணையத்தில் வெளியிடுகிறது. தெருமுனைகளில் பொதுப் புத்தக அலமாரிகளைப் பார்ப்பீர்கள், சில ஊர்களில் பழைய தொலைபேசிக் கூண்டுகளே அப்படி மாறியிருக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், முடித்ததை வைத்துவிடலாம், கேள்வி கேட்பார் இல்லை. ஆனால் நீங்கள் தள்ளிப்போடாமல் படிக்க வேண்டிய ஜெர்மன் எழுத்து உங்கள் தபால்பெட்டியில் இருக்கிறது. முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வீடுதோறும் வசூலிப்பது அது. வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அபராதம் ஏறும். அறைத் தோழர்கள் இருந்தால் ஒருவர் பெயரில் கட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

புத்தகங்களை வீட்டிலிருந்து தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுப் பொட்டலம் 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் இங்கே வரி கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்பதை மேலே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒரேயடியாகப் பெரிய பெட்டியாக வேண்டாம். முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்றையாவது லைப்சிக் ரயிலில் முடித்துவிட்டு அடுத்த பட்டியலை அனுப்புங்கள். ஹாலேக்குத் திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று காட்சிக்கூடங்கள் மூடியிருக்கும்.